மூன்று கிணறுகளைக் காணவில்லை

1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். காவேரிப்பட்டினம் பஸ் நிறுத்தம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காற்றும் இல்லை. ஆற்றுப் பக்கம் மட்டும் புகைபோல் லேசாக ஏதோ நின்றது. அந்த நேரத்துக்கே சட்டைக் காலருக்குள் வியர்த்துவிட்டது. இதெல்லாம் எப்படி நினைவிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நினைவில் இல்லை, நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். எதையும் எண்ணி எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்விக் குறிப்பு தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னிடம் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். கேள்வியை எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், எந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். அது நல்லபடியாக முடிந்தது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எங்கள் பக்கத்து எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் காரியதரிசியாக இருந்தேன். மாதம் நாற்பத்தைந்து ரூபாய். அவரை உறுப்பினர் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். சபையில் குரலை உயர்த்தாதவர். எழுந்து நின்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகுதான் கேட்பார். அவர் கண்ணாடியைத் துடைப்பதைப் பார்த்தால் அமைச்சர்கள் தங்கள் காகிதங்களைத் தேடுவார்கள் என்று சொல்வார்கள். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு தகவலுக்கும் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

“பாத்தியா, கேட்டியா?”

பார்த்தேன் என்றால் எழுதிக்கொள்வார். கேட்டேன் என்றால் பேனாவை மூடிவிடுவார்.

அந்த வருஷம் வரவு செலவுக் கூட்டத் தொடரில் அவர் கிராமக் குடிநீர்க் கிணறுகளைப் பற்றிக் கேள்வி கொடுத்திருந்தார். பாரூர் சாலையில் மூன்று ஊர்கள். அவற்றில் பத்துக் கிணறுகள் வெட்டி முடித்ததாக அரசாங்கம் எழுத்து மூலம் பதில் தந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே மதிப்பீடு: இத்தனை அடி ஆழம், சுற்றிலும் கல் சுவர், உருளை, தண்ணீர் வடிய ஒரு கால்வாய். பத்தும் இருக்கிறதா என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பினார்.

பிப்ரவரி 9ஆம் தேதி போனேன். எங்கள் கட்சிக்கு அந்தப் பக்கத்தில் பெரிய தூணாக இருந்த நிலக்காரர் ஒருவர் தன் வண்டியிலேயே என்னை அழைத்துப் போனார். மூன்று ஊரிலும் அவருக்கு நிலம் உண்டு, உறவும் உண்டு. ஒவ்வொரு கிணற்றிலும் இறங்கிப் பார்க்காத குறையாக எல்லாவற்றையும் அளந்தேன். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட நாற்பதடிக் கயிறு வைத்திருந்தேன், நுனியில் ஒரு கல். ஆழம், தண்ணீர் மட்டம், சுவரின் உயரம், உருளை சுற்றுகிறதா இல்லையா, துவைக்கிற மேடை உண்டா, எல்லாம் நோட்டில் ஏறின. முதல் ஊரில் மூன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் இரண்டு. மொத்தம் ஏழு.

“அவ்ளோதாங்க. எல்லாம் பாத்தாச்சு. மீதி மூணு அந்த ஓவர்சியர் வயித்துக்குள்ள இருக்குது” என்றார் நிலக்காரர்.

முதல் ஊரில் கடைசிக் கிணற்றிலிருந்து நூற்றிருபது தப்படி தள்ளி ஓர் ஓடை இருந்தது. அதுவரை நடந்தோம். நிலக்காரர் அங்கே நின்றார், அதனால் நானும் நின்றேன். அவரும் கூட வந்த ஊர் மணியக்காரரும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு தெரியும். ரகசியம் ஒன்றும் இல்லை, வெயிலைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு திரும்பினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் சேரி இருந்தது. அதை அப்போது காலனி என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கூரைகள் தெரிந்தன. அங்கே போக வேண்டாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஓடையில் தண்ணீர்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து, கிணற்று வேலைகளை மேற்பார்த்த அந்த அரசாங்க ஓவர்சியரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மெலிந்த ஆள், சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், பத்தும் இருக்கு சார். நாளைக்கு வாங்க, நானே கூட வந்து காட்டுதேன்.”

யார் மேல் சந்தேகமோ அவரோடு போய்ப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு ஒரு விதி. நல்ல விதிதான். அதைச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் கட்சிக்காரர் வண்டியில் போய்ப் பார்த்தது மட்டும் எனக்கு விதிமீறலாகத் தோன்றவில்லை.

உறுப்பினரிடம் போய்ச் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

“பாத்தியா, கேட்டியா?”

“பாத்தேனுங்க. ஏழுதான் இருக்குது.”

ஏழு கிணறுகளை நான் பார்த்தது உண்மை. மூன்று கிணறுகள் இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. அதை நிலக்காரர் சொல்லித்தான் கேட்டேன். இரண்டும் வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறுப்பினர் எழுதிக்கொண்டார். கேள்வி மார்ச் 17ஆம் தேதி, வியாழக்கிழமைப் பட்டியலில் வந்தது. பத்துக் கிணறுகள் என்று அமைச்சர் பதில் சொன்னதும் அவர் எழுந்து, மூன்று கிணறுகள் எங்கே என்று கேட்டு, ஓவர்சியரின் பெயரையும் சொல்லி, பணம் கையாடப்பட்டது என்று குற்றம் சாட்டுவதாக ஏற்பாடு. சபையில் சொல்லிவிட்டால் பத்திரிகையில் வரும். பத்திரிகையில் வந்தால் அந்த மனிதரை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். பிறகு உண்மை எதுவாக இருந்தாலும் அவர் தலை நிமிர முடியாது.

இப்போது புதன்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

கிருஷ்ணகிரிக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு தோல் வியாபாரி நின்றிருந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் வாங்குகிறவர். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான்.

“என்னா ஐயா, நாளைக்கு மெட்ராஸ்ல பெரிய வெடியாமே? மூணு கெணறு காணாமப் போச்சாமே?”

“யார் சொன்னது பாய்?”

“உங்க கட்சிக்காரருதான். டீக்கடையில ஒக்காந்துகினு நேத்தெல்லாம் இதே பேச்சு.” பாய் சிரித்தார். “கெணறு என்னா கோழியா, கூடையப் போட்டு மூடித் தூக்கினு போறதுக்கு? முந்தாநாளு அதுல மொகம் கழுவினவன் நானு.”

“எதுல?”

“ஓடைக்கு அந்தாண்ட, காலனியில. புதுக் கெணறு. பக்கத்து ரெண்டு ஊரு காலனியிலயும் வெட்டின மண்ணு மேடு மேடா கெடக்குது. தோலு வாங்கப் போறவன் நானு, எனக்குத் தெரியாதா? நீங்க போயி எண்ணினதாச் சொன்னாங்களே?”

அந்த நேரம் பஸ் வந்தது.

தம்பிமார்களே, நான் உங்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு இரண்டு வழி இருந்தது. அந்தப் பஸ்ஸில் ஏறினால் எட்டே காலுக்குக் கிருஷ்ணகிரி, எட்டரைக்குத் தந்தி. ‘கேள்வியை விட்டுவிடுங்கள்’ என்று இங்கிலீஷில் நான்கு வார்த்தை. சத்தம் இல்லாமல் எல்லாம் அடங்கிவிடும். இன்னொரு வழி, போய்ப் பார்ப்பது. மூன்று காலனி, போக வரப் பதினாறு மைல். சாயங்காலத்துக்குள் தந்தி கொடுக்க முடியாமல் போனாலோ, நடுவில் கம்பி அறுந்தாலோ, மறுநாள் காலை உறுப்பினர் எழுந்து நின்று ஒரு நிரபராதியைத் திருடன் என்று சொல்லிவிடுவார். அதற்குக் காரணம் நான்.

கண்டக்டர் ஏறச் சொன்னார். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். பாய் சொன்னது பொய்யாக இருக்கக் காரணம் இல்லை. ஆனால் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் மனதுக்குள் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் ‘கேட்டேன்’ என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும். முதல் முறை ஒருவர் பேச்சைக் கேட்டு இல்லை என்றேன். இப்போது இன்னொருவர் பேச்சைக் கேட்டு இருக்கிறது என்பதா? காலை எடுத்துவிட்டேன். பஸ் போனது.

ஏழே முக்காலுக்கு வாடகை சைக்கிள் எடுத்தேன். மணிக்கு இரண்டணா. எட்டு நாற்பதுக்கு முதல் ஊரின் ஓடைக்கு வந்தேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்தேன். ஓடையிலிருந்து காலனிக் கிணறு தொண்ணூற்றாறு தப்படி. நூறுகூட இல்லை.

கிணறு இருந்தது. சுவர் இல்லை. தரையோடு தரையாக வாய் திறந்து கிடந்த குழி. கரையில் ஒரு பனங்கட்டையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் கயிற்றில் ஐந்து இடங்களில் ஒட்டு. என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை.

“வந்துட்டீங்களா சாமி? இன்னிக்கித்தான் வழி தெரிஞ்சிதா?”

“என்னைத் தெரியுமா?”

“போன மாசம் அந்தாண்ட நின்னுகினு கைய நீட்டி நீட்டி எண்ணிகினு இருந்தீங்களே. நாங்க இங்கேருந்து பாத்துகினுதான் இருந்தோம். வருவாரு வருவாருன்னு எங்க வூட்டுக்காரரு சட்ட எல்லாம் போட்டுகினு நின்னாரு. திரும்பிப் போயிட்டீங்க.”

நான் கயிற்றை எடுத்தேன். இருபத்தெட்டு அடி ஆழம். ஆழத்தில் குறை இல்லை. தண்ணீர் ஒன்பதடி.

“சுவர் கட்டலையா?” என்று கேட்டேன்.

“கல்லு வந்துச்சு. நாலு வண்டி. ஒரு வாரம் இங்கதான் கெடந்துச்சு. பொறவு ஊருக்காரங்க வண்டி கட்டிகினு வந்து ஏத்திகினு போயிட்டாங்க. அவங்க கெணத்தாண்ட துணி தொவைக்க மேடை வோணுமாம். அந்த ஒல்லியா இருப்பாரே, சைக்கிள்காரரு, வோணாங்க வோணாங்கன்னு கூடவே ஓடினாரு. அவரு பேச்ச யாரு கேக்கறா?”

“நீங்க யாருகிட்டயும் சொல்லலையா?”

“யாருகிட்ட சொல்றது? எண்ண வந்தவரே ஓடையத் தாண்டல.” வாளியை மேலே இழுத்து வைத்தாள். “ரெண்டு ஆடு வுழுந்திருச்சு இதுல. அடுத்தது எந்த வூட்டுப் புள்ளையோன்னு பாத்துகினு இருக்கறோம்.”

நோட்டைத் திறந்தேன். பிப்ரவரி 9ஆம் தேதிப் பக்கம். என் கையெழுத்திலேயே இருந்தது: ‘துவைக்கிற மேடை, ஏழு கிணறுகளுக்கு ஏழு. நல்ல வேலை.’ அரசாங்க மதிப்பீட்டில் துவைக்கிற மேடை என்று ஒன்று கிடையாது. அந்தத் தாளும் அதே நோட்டுக்குள்தான் மடித்து வைத்திருந்தேன். மேடைகளை எண்ணியவன் அவற்றுக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

“தண்ணி குடிப்பீங்களா?” என்றாள். கேட்ட விதத்தில் ஒரு சோதனை இருந்தது.

குனிந்து கையை நீட்டினேன். ஊற்றினாள். குடித்தேன். நல்ல தண்ணீர்.

“எத்தன கைன்னு எழுதிக்கினீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

கிளம்பும்போது என் கயிற்றைச் சுருட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கயித்தக் குடுத்துட்டுப் போங்க சாமி. எண்றதுக்கு நீங்க இன்னொண்ணு வாங்கிக்குங்க.”

இன்னும் இரண்டு கிணறுகளை அளக்க வேண்டும் என்றேன். அளந்துவிட்டு இந்த வழியாகத்தானே திரும்ப வேண்டும், அப்போது கொடுங்கள் என்றாள். விடுகிற ஆள் இல்லை.

இரண்டாவது காலனிக்குப் போகும் வழியில் முள் குத்திச் சைக்கிள் பஞ்சர். அரை மைல் தள்ளிக்கொண்டு போய் ஒருவரிடம் ஒட்டு வாங்கினேன். மூன்றணா. அங்கே கிணறு இருந்தது, சுவர் இல்லை. மூன்றாவது காலனியிலும் கிணறு இருந்தது. சுவர் முழங்கால் உயரம் வரை எழும்பி நின்றுபோயிருந்தது. மூன்று இடத்திலும் ஆழம் சரி. மூன்று இடத்திலும் உருளை இல்லை. மற்ற இரண்டு இடத்திலும் கல்லை ஊர்க்காரர்கள் ஏற்றிப்போன கதைதான், வழியில் அந்த மேடைகளையும் இன்னொரு முறை நின்று பார்த்தேன். திரும்பும் வழியில் கயிற்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது கை வழுக்காது” என்றாள்.

ஒரு மணி நாற்பதுக்குக் காவேரிப்பட்டினம். அடுத்த பஸ்ஸைப் பிடித்து இரண்டு நாற்பத்தைந்துக்குக் கிருஷ்ணகிரி. தபாலாபீசில் தந்தித் தாளை வாங்கி எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். தமிழில் சொன்னால் இதுதான் செய்தி: மூன்று கிணறுகளும் காலனிகளில் இருக்கின்றன, நேரில் பார்த்தேன். ஓவர்சியர் பெயர் சொல்ல வேண்டாம். மூன்றுக்கும் சுவரும் உருளையும் இல்லை. சுவர்க் கற்களை நம் ஆதரவாளர்களின் ஊர்க்காரர்களே எடுத்துப்போய்த் தங்கள் கிணறுகளுக்கு மேடை கட்டியிருக்கிறார்கள். தவறு என்னுடையது.

தந்தி குமாஸ்தா பென்சில் நுனியால் எண்ணினார். முகவரியோடு நாற்பத்தொரு வார்த்தை.

“என்னாங்க இது, கல்யாணத் தந்தியே எட்டு வார்த்தையில முடிஞ்சி போவுது. எக்ஸ்பிரஸா வேற போவணுமா? அஞ்சே முக்கால் ரூவா ஆவும்.” திரும்பப் படித்தார். அவர் அப்படிப் படிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. “இந்தக் கல்லு யாரு எடுத்தாங்கற கதைய வுட்டுடுங்க. பத்து வார்த்தை மிச்சம். ஒண்ணேகால் ரூவா.”

அவர் காசைத்தான் நினைத்துச் சொன்னார். எனக்கு அந்தப் பத்து வார்த்தையும் வேறு விதமாகத் தெரிந்தன. அவற்றை எடுத்துவிட்டால் சுவர் இல்லாதது மட்டும் அரசாங்கத்தின் தலையில் விழும். உறுப்பினர் தாராளமாகத் தாக்கலாம். எங்கள் நிலக்காரருக்கும் கோபம் வராது. அவர் வண்டி இல்லாமல் அந்தப் பக்கத்தில் எங்கள் கட்சிக் கூட்டம் ஒன்றுகூட நடந்ததில்லை. பென்சிலை வாங்கி அந்த வரியின் மேல் வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லையே, ஒன்றைச் சொல்லாமல் விடுகிறோம், அவ்வளவுதானே என்று மனம் கணக்குப் போட்டது. ஒரு மாதத்துக்கு முன் ஓடைக்கரையில் நின்றபோதும் நான் பொய் சொல்லவில்லை.

“அப்படியே இருக்கட்டும்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று பத்துக்குத் தந்தி போனது. அதையும் நம்பாமல் மெட்ராஸுக்கு டிரங்க் கால் பேசப் பதிவு செய்துவிட்டு ஐந்து மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் ஊர் திரும்பினேன்.

வியாழக்கிழமை எந்தச் செய்தியும் இல்லை. அன்று நான் தபாலாபீஸ் வாசலுக்குப் பதினான்கு முறை போனேன். தபால்காரர் பதினைந்தாவது முறைக்கு முன்பே, “உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க” என்று தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்தது. கட்டை அவிழ்க்கும் வரை பொறுக்கவில்லை. ஐந்தாம் பக்கம், மூன்றாம் பத்தி, ஏழு வரி. மூன்று காலனிக் கிணறுகளுக்குச் சுவர் கட்டப்படாதது அரசாங்கத்துக்குத் தெரியுமா என்று உறுப்பினர் கேட்டார், விசாரித்து ஆவன செய்யப்படும் என்று அமைச்சர் கூறினார். ஓவர்சியர் பெயர் எங்கும் இல்லை. ஏழு வரியையும் நான்கு முறை படித்தேன். பிறகு கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் ஊருக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் உட்காரச் சொன்னார்.

“புதன்கிழம சாயங்காலம் ஆறரைக்கு உன் தந்தி வந்திச்சு. எழுதி வெச்சிருந்தத கிழிச்சிப் போட்டேன். மறுநாளு நான் எழுந்திரிச்சு கண்ணாடியத் தொடைக்கறேன், அமைச்சரு மேசை மேல ஒரு மேப்ப விரிக்கறாரு. மூணு எடத்துல செவப்பு மையில வட்டம். மொகத்துல ஒரு சிரிப்பு. மூணு கெணறு எங்கேன்னு நான் கேக்கப் போறேன்னு காத்துகினு இருந்தாரு.”

“நீங்க?”

“மூணு கெணத்துக்கும் சுவரு எங்கேன்னு கேட்டேன். மேப்புல சுவரு போடல.”

அவரே சிரித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அப்பறம் கல்லு எங்க போச்சுன்னு அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தரு கேட்டாரு. எனக்கு ஓட்டுப் போட்டவங்க ஊருக்குத்தான் போச்சுன்னு சொன்னேன். சபையே சிரிச்சுது. சிரிச்சதுக்கு அப்பறம் அமைச்சரால தப்பிக்க முடியல. கட்டித் தர்றேன்னு சொல்லித்தான் ஆவணும்.”

“நம்ம நிலக்காரரு…”

“காலையிலயே வந்து கத்திட்டுப் போயிட்டாரு. இனிமே வண்டி கெடையாதாம். நடக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றினார். “இந்தத் தடவ பாத்தியா, கேட்டியா?”

“பாத்தேனுங்க.”

“மொதல்லயும் அதத்தானே சொன்ன?”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நான் வாங்கிய திட்டு. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

ஓவர்சியரிடம் கற்களைக் காக்கத் தவறியது ஏன் என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதம் கழித்துக் காவேரிப்பட்டினம் சந்தையில் என்னைப் பார்த்தார். இந்த முறை சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். “முன்னமே காட்டுதேன்னு சொன்னேம்லா சார்” என்றார். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “சபையில என் பேரு வரல. வீட்டுல அன்னைக்குத்தான் உலை வச்சாங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஆடி மாதத்துக்குள் மூன்று கிணற்றுக்கும் சுவர் வந்துவிட்டது. அந்தச் செய்தி காதுக்கு வந்த மறுநாளே போனேன். இந்த முறை யார் வண்டியிலும் போகவில்லை. முதல் காலனிக் கிணற்றில் நான்கு வரிசைக் கல், இடுப்பு உயரம். சின்னப் பிள்ளைகள் எக்கிப் பார்த்தாலும் உள்ளே விழ முடியாது. உருளை சுற்றியது. அதில் ஓடிய கயிறு என்னுடையது, அடிக்கு ஒரு முடிச்சு. உருளையில் ஏறும்போது ஒவ்வொரு முடிச்சும் ‘டொக் டொக்’ என்று தட்டிக்கொண்டு போனது. அந்தப் பெண் இறைத்துக்கொண்டே, “இப்ப கெணறே எண்ணுது சாமி, நீங்க சும்மா ஒக்காருங்க” என்றாள். இருபது தட்டு வரை எண்ணிவிட்டு, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். சுவரின் மேல் உட்கார்ந்தேன்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம்தான். ஒன்று இருக்கிறது என்று எழுதுவதற்கு அதைப் பார்த்தால் போதும். ஒன்று இல்லை என்று எழுதுவதற்கு முன் எல்லா இடத்துக்கும் போயாக வேண்டும். முக்கியமாக, உங்களை அழைத்துப் போகிறவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்துக்கு அப்பால். இருபத்தாறு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். பிறகு எத்தனையோ பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எண்ணினேன். எங்காவது யாராவது ‘அவ்வளவுதாங்க’ என்றால், என் கால் தானாக இன்னும் நூறு தப்படி போய்விடும்.

அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது உறுப்பினர் கூப்பிட்டார்.

“தந்திக்கு எவ்ளோ ஆச்சு? சீட்டு எழுதிக் குடு, கட்சிக் கணக்குல வாங்கிக்கலாம்.”

“வேணாங்க. அது கட்சிச் செலவு இல்ல. ஓடையத் தாண்டாததுக்கு ஆன செலவு.”

அவர் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். சைக்கிள் வாடகை ஆறு மணி நேரத்துக்குப் பன்னிரண்டணா, பஞ்சர் மூன்றணா, பஸ் போக வரப் பத்தணா, தந்தி ஐந்து ரூபாய் பன்னிரண்டணா, பத்திரிகை இரண்டணா, புதுக் கயிறு ஒரு ரூபாய் ஆறணா. மொத்தம் எட்டு ரூபாய் பதின்மூன்று அணா.